பம்பு எங்கே உட்கார வேண்டும்

பழைய கறுப்பு சைக்கிள்களில் சிலவற்றின் பிரேமைத் தடவிப் பார்த்தால் சுண்டுவிரல் நுனி அளவில் இரண்டு முளைகள் கையில் தட்டும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு முழம் இருக்கும். தெரியாதவர்கள் வெல்டிங்கில் விட்டுப்போன பிசிறு என்று நினைப்பார்கள். பம்பு மாட்டுவதற்காகவே வைத்த முளைகள் அவை. பம்பின் கைப்பிடிப் பக்கம் ஸ்பிரிங் இருக்கும். பிடியை அழுத்திப் பம்பைச் சற்றுக் குட்டையாக்கி, ஒரு முனையின் குழியை ஒரு முளையிலும் மறுமுனையின் துளையை அடுத்த முளையிலும் பொருத்திக் கையை எடுத்தால், ஸ்பிரிங் தள்ளுகிற தள்ளலிலேயே பம்பு நிற்கும். திருகு வேண்டாம், பட்டை வேண்டாம், எந்தக் கருவியும் வேண்டாம். பிரேமில் பம்பு மாட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இன்றுவரை வரவில்லை என்றே சொல்லலாம். ஒரே ஒரு குறை: குரங்கு பெடல் போடுகிற பிள்ளைகளின் கால் நுழையும் இடத்தைப் பம்பு அடைத்துக்கொள்ளும்.

இப்போது வருகிற சைக்கிள்களில் பெரும்பாலும் முளை இல்லை. தெருவுக்கொரு பங்சர் கடை இருந்தவரை அது யாருக்கும் உறைக்கவும் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி ஈ.சி.ஆரில் அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கும், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை போகிறவருக்கும் உறைக்கிறது. அந்த நேரத்தில் கடை இருக்காது. கடை இருந்தாலும் ரோடு சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் கடைக் கம்ப்ரசரின் வாய் பிடிக்காது. அதற்குத் தனியாக ஒரு பித்தளைத் தொப்பி வேண்டும். அரை விரல் நீளம்கூட இல்லாத அந்தத் தொப்பியைப் பங்சர் பையில் போட்டு வைப்பது நல்லது. இருந்தாலும் பம்பு சைக்கிளிலேயே இருக்க வேண்டும்.

எங்கே, எப்படி மாட்டுவது என்பதற்கு முன்னால் எந்தப் பம்பு என்ற கேள்வி வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால்தான் பலர் இரண்டு முறை பம்பு வாங்குகிறார்கள். பம்பின் நீளமும் பருமனும் அது எந்த டயருக்கு உதவும் என்பதை முடிவு செய்கின்றன. அதே நீளமும் பருமனும்தான் அது பிரேமில் எங்கே அடங்கும் என்பதையும் முடிவு செய்கின்றன.

கணக்கு எளிது. உள்விட்டம் 20 மி.மீ. உள்ள பம்பில் பிஸ்டனின் பரப்பு 3.1 சதுர செ.மீ. டயருக்குள் 80 பி.எஸ்.ஐ. இருக்கிறது என்றால் சதுர செ.மீ.க்கு 5.6 கிலோ அழுத்தம். ஆக, கடைசிச் சில அடிகளில் கை கொடுக்க வேண்டிய பலம் பதினேழு, பதினெட்டு கிலோ. அது முடியும். உள்விட்டம் 30 மி.மீ. ஆனால் பரப்பு 7 சதுர செ.மீ. அதே 80 பி.எஸ்.ஐ.க்குக் கிட்டத்தட்ட 40 கிலோ அழுத்த வேண்டும். சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் வால்வைப் பிடித்தபடி மறுகையால் நாற்பது கிலோ அழுத்த யாராலும் ஆகாது. ஆனால் மலைச் சைக்கிளின் தடித்த டயருக்கு 30 பி.எஸ்.ஐ. போதும். அதே தடித்த பம்பில் அங்கே பதினைந்து கிலோதான் கேட்கும்.

அடி எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ரோடு சைக்கிளின் 700×28 அளவு டயருக்குள் அடங்கும் இடம் சுமார் ஒன்றேகால் லிட்டர். அதை வெறுமையிலிருந்து 80 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவர வெளிக்காற்று 7 லிட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். 20 மி.மீ. விட்டமும் 15 செ.மீ. பிஸ்டன் ஓட்டமும் உள்ள சின்னப் பம்பு ஓர் அடிக்கு 47 மில்லி தள்ளும். கணக்குப்படி 150 அடி. பிஸ்டன் முன்னால் தேங்கும் காற்று வீணாவதால் நடைமுறையில் 200 பக்கம் வரும். 22 மி.மீ. விட்டமும் 40 செ.மீ. ஓட்டமும் உள்ள முழு நீளப் பிரேம் பம்பில் அதே வேலை ஏறத்தாழ 60 அடியில் முடியும். 29×2.2 மலை டயரோ 30 பி.எஸ்.ஐ.க்கு 11 லிட்டர் காற்று குடிக்கும். ஒல்லிச் சின்னப் பம்பில் 230 அடிக்குக் குறையாது. 30 மி.மீ. பம்பில் நூற்றுச் சொச்சம். உள்ளங்கையில் அடங்குகிற பம்பைக் கடையில் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த எண்களை ஒரு தடவை வாசித்துவிட்டு வாங்கலாம். மாட்டுவதற்கு அதைவிடச் சுலபமான பம்பு இல்லை; அடிப்பதற்கு அதைவிடக் கொடியதும் இல்லை.

அதனால் எங்கள் பரிந்துரை: பிரேம் எவ்வளவு நீளப் பம்பைத் தாங்குமோ அவ்வளவு நீளம். அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எங்கே இடம் இருக்கிறது

பார் உள்ள சைக்கிளில் முழு நீளப் பம்புக்கு இரண்டு இடம். ஒன்று பாரின் அடிப்பக்கம், ஹேண்டில் பக்கத்து மூலையிலிருந்து சீட் பக்கத்து மூலை வரை. இன்னொன்று சீட் பைப்பை ஒட்டி, பாரின் அடியிலிருந்து பெடல் அச்சு இருக்கும் கூடு வரை. ஒரு நேர்க்குச்சியை உள்ளே வைத்து இரண்டு முனைகளையும் குறித்துக்கொண்டு அந்த நீளத்தை அளக்க வேண்டும். டேப்பை வளைத்து அளந்தால் ஒரு செ.மீ. தவறும், அந்த ஒரு செ.மீ.தான் எல்லாம். பம்பு தளர்ந்த நிலையில் அந்த அளவைவிட ஒன்று முதல் இரண்டு செ.மீ. நீளமாக இருக்க வேண்டும். அழுத்தினால் அந்த அளவைவிடச் சற்றுக் குட்டையாக வேண்டும். ஸ்பிரிங் அரை செ.மீ. மட்டுமே அமுங்குகிற மாதிரி உட்கார்ந்தால் முதல் வேகத்தடையில் பம்பு எகிறும். பாரின் அடியிலிருந்து எகிறினால் கீழே விழும், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். சீட் பைப்பிலிருந்து எகிறினால் சுழலும் பெடல் தண்டுக்குள் போகும். எனவே ஸ்பிரிங் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நடுவில் ஒரு வெல்க்ரோ பட்டை கூடுதலாக இருக்கட்டும்.

பாரின் அடியில் பிரேக் வயரோ கியர் வயரோ ஓடினால் அந்த இடத்தை மறந்துவிடலாம். பம்பு வயர் உறையை அழுத்தினால் பிரேக் கனமாகும், கியர் குதிக்கும், காரணம் புரியாமல் மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கும். சீட் பைப்பில் முன் கியர் மாற்றியின் கிளாம்ப் இருந்தாலும் இதே கதைதான்.

லேடீஸ் சைக்கிளில் பார் இல்லை. பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள்களில் பாதி இந்த வகைதான். சாய்ந்து இறங்கும் குழாயில் பம்பை வைத்தால் ஏறி இறங்கும்போது காலும் உடையும் தட்டும். சீட் பைப்பின் பின்பக்கம் மட்கார்டுக்கும் குழாய்க்கும் நடுவே இடம் இருந்தால் அங்கே வைக்கலாம். பெரும்பாலும் இருக்காது. கேரியரின் அடியில் நீளவாக்கில் கட்டுவதே அங்கே சரி.

முன் ஃபோர்க்கில் ஒருபோதும் வேண்டாம். அது அவிழ்ந்து முன் சக்கரத்தின் கம்பிகளுக்குள் போனால் சக்கரம் அங்கேயே நிற்கும், ஓட்டுகிறவர் நிற்கமாட்டார். பின் சக்கரத்தை ஒட்டி இறங்கும் மெல்லிய குழாய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், கொஞ்சம் குறைவாக.

மிச்சம் இருப்பது இன்றைய சைக்கிள்களில் அதிகம் பேர் பயன்படுத்தும் இடம்: தண்ணீர் பாட்டில் கூண்டு மாட்டும் இரண்டு துளைகள். சின்னப் பம்போடு ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட் வரும். அதை கூண்டுக்கும் பிரேமுக்கும் இடையில் வைத்து அதே போல்ட்டுகளால் முடுக்குவார்கள். பம்பு பாட்டிலின் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். பார்க்க ஐந்து நிமிட வேலை. தவறுகள் நடப்பது இங்கேதான் அதிகம்.

பிராக்கெட் மாட்டும் முறை

டவுன் டியூப் (ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் அச்சுக் கூட்டுக்குச் சாய்ந்து இறங்கும் குழாய்), சீட் பைப் இரண்டிலும் துளை இருந்தால் டவுன் டியூப்பைத் தேர்ந்தெடுங்கள். சீட் பைப்பில் பக்கவாட்டுப் பிராக்கெட் வைத்தால் குதிகாலை உள்வாங்கி மிதிக்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் ஒவ்வொரு சுற்றிலும் பம்பை உரசும். பத்து கிலோமீட்டரில் எரிச்சல், ஐம்பதில் புண். டவுன் டியூப்பில் அந்தத் தொல்லை இல்லை. பதிலாக முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு வரும். சேற்றைத் துடைத்துக்கொள்ளலாம்.

பக்கம் என்றால் இடது பக்கம். வலது பக்கம் செயினும் பல்சக்கரமும் இருக்கின்றன, செயின் எண்ணெய் பம்பில் படியும்.

துளைகள் எம்5 (5 மி.மீ. விட்ட போல்ட்டுக்கான) மரை கொண்டவை, நடுவிலிருந்து நடுவுக்கு 64 மி.மீ. இடைவெளி. இது உலகம் முழுக்க ஒரே அளவு என்பதால் எந்தக் கம்பெனிப் பிராக்கெட்டும் எந்தப் பிரேமிலும் உட்காரும். கூண்டோடு வந்த போல்ட் பெரும்பாலும் 12 மி.மீ. நீளம் இருக்கும். இடையில் 3 மி.மீ. பிராக்கெட் நுழைந்ததும் மரையில் பிடிப்பது குறைந்துவிடுகிறது. ஐந்து ஆறு மி.மீ. மரையாவது பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கி மரையே சிதையும். நட்டு போல்ட் கடையில் எம்5×16 எவர்சில்வர் போல்ட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். உருளைத் தலை என்றால் 4 மி.மீ. ஆலன் கீ, குமிழ்த் தலை என்றால் 3 மி.மீ.

நீளம் கூடினால் என்ன என்று 25 மி.மீ. போடுகிறவர்களும் உண்டு. டவுன் டியூப்பில் பழைய இரும்புப் பிரேம் என்றால் ஒன்றும் ஆகாது. வயர்களைக் குழாய்க்குள்ளேயே ஓட்டிய பிரேமில் போல்ட் நுனி வயர் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். சீட் பைப்பில் இன்னும் மோசம்: சீட்டைத் தாங்கும் தண்டு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. நீண்ட போல்ட் அதைக் கீறும், கீழே இறக்கவும் விடாது. சீட்டு இறங்கவில்லை என்று சுத்தியலால் தட்டுவதற்கு முன் பாட்டில் போல்ட்டைப் பாருங்கள்.

வரிசை இப்படி: பிரேமின் மேல் பிராக்கெட், அதன் மேல் கூண்டு, வாஷர், போல்ட். போல்ட் மரையில் ஒரு பொட்டு கிரீஸ் தடவுங்கள். அலுமினியப் பிரேமில் எவர்சில்வர் போல்ட் வியர்வையும் மழையும் பட்டு இறுகிப்போகும். கடற்கரை ஊர்களில் ஒரே வருடத்தில் நடக்கும். இரண்டு போல்ட்டையும் முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறாவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி வையுங்கள். இரண்டும் உட்கார்ந்த பிறகு மாற்றி மாற்றிக் கால் சுற்று. ஆலன் கீயின் நீளக் காலை போல்ட்டில் செருகி, குட்டைக் காலை இரு விரலால் பிடித்து முடுக்கினால் அளவுக்கு மேல் போகாது. கார்பன் பிரேமில் எழுதியிருக்கும் டார்க் அளவை, அதாவது முடுக்கும் பலத்தின் அளவைத் தாண்டக் கூடாது, அங்கே அளவுகோல் உள்ள ரெஞ்சு கட்டாயம்.

அளவுக்கு மேல் முடுக்கினால் என்ன ஆகும்? அலுமினியம், கார்பன் பிரேம்களில் பாட்டில் துளை என்பது பிரேமில் வெட்டிய மரை இல்லை. உள்ளே பிதுக்கி இறுக்கிய ஒரு தனி நட்டு. அதிக பலம் கொடுத்தால் அந்த நட்டு பிடி விட்டுப் போல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். பிறகு முடுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. போல்ட்டைக் கழற்ற முடிந்த நிலையில் இருந்தால் ஒரு வைத்தியம் உண்டு. நீளமான எம்5 போல்ட் ஒன்றில் சாதா நட்டு ஒன்றையும் இரண்டு வாஷரையும் கோத்து, போல்ட்டைத் துளைக்குள் முழுவதும் ஏற்றுங்கள். போல்ட் தலையை ஆலன் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் ஸ்பேனரால் பிரேமை நோக்கி முடுக்குங்கள். நட்டு வாஷரை அழுத்த, போல்ட் வெளியே இழுபட, உள்ளிருக்கும் நட்டு மறுபடி பிதுங்கிப் பிரேமைக் கவ்வும். வாஷருக்கு நடுவே கிரீஸ் இருந்தால் வேலை சுலபம். இது இரும்பிலும் அலுமினியத்திலும் செய்யக் கூடியது. கார்பனில் கை வைக்காதீர்கள்.

மாட்டியானதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடாமல் பெடலைப் பின்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பெடல் தண்டுக்கும் பம்புக்கும் ஒரு செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பாட்டிலை உருவிப் பாருங்கள்: ஒரு லிட்டர் பாட்டில் பம்போடு முட்டிக்கொண்டால், நம் ஊர் வெயிலில் விட்டுக்கொடுக்க வேண்டியது பாட்டில் இல்லை. பம்பின் தலையில் உள்ள நெம்புகோல் பிரேமைப் பார்த்து இருக்கட்டும். வெளியே பார்த்தால் வேட்டியையும் துப்பட்டாவையும் பிடிக்கும். தலை மேலே, பிடி கீழே என்று வைத்தால் சேறு தலைக்குள் போவது குறையும்.

துளையே இல்லாத பிரேமில்

ஊரில் ஓடும் சாதா சைக்கிள்களில் பாட்டில் துளை கிடையாது. அதற்காக டிரில் எடுத்துக் குழாயில் ஓட்டை போட நினைப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

நூலைக் குழாயைச் சுற்றி அளந்து பாருங்கள். 9 செ.மீ. வந்தால் 28.6 மி.மீ. குழாய், 8 செ.மீ. வந்தால் 25.4 மி.மீ. அந்த அளவுக்கு ஹார்டுவேர் கடையில் எவர்சில்வர் ஹோஸ் கிளிப் இரண்டு கிடைக்கும். பழைய டியூப்பிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் துண்டு வெட்டிக் குழாயில் சுற்றி, அதன் மேல் பிராக்கெட்டை வைத்து, கிளிப்பைப் போட்டு முடுக்குங்கள். டியூப் துண்டு பெயின்ட்டைக் காக்கும், வழுக்காமலும் பிடிக்கும். கிளிப்பின் திருகுத் தலை காலுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் வால் துண்டை வெட்டி அரத்தால் தேய்த்துவிட வேண்டும். அந்தத் தகடு பிளேடு மாதிரி. சாதா சைக்கிளின் கனத்த இரும்புக் குழாய் கிளிப்பைத் தாங்கும். விலையுயர்ந்த மெல்லிய இரும்புக் குழாய்களில் நடுப்பகுதியின் கனம் அரை மி.மீ. பக்கம்தான் இருக்கும், முடுக்கினால் நசுங்கும். கார்பனில் கிளிப் என்ற பேச்சே கூடாது.

ஜிப் டையால் கட்டுவதும் நடக்கும். கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை ஜிப் டை வெயிலில் சில மாதங்களில் அப்பளமாகிவிடும். கறுப்பையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பழைய முழு நீளப் பம்பை இந்தச் சைக்கிளில் வைக்க ஆசைப்பட்டால், முளையோடு கூடிய தகட்டு வளையங்கள் சில பழைய சைக்கிள் கடைகளில் இன்னும் கிடக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள். அதில் ஒரே கவனம்: பம்பின் ஒரு முனையில் முளை நுழையும் துளைதான் ரப்பர் ஹோஸ் முடுக்கும் மரையும். அங்கே மணல் சேரும். துடைக்காமல் ஹோஸை முடுக்கி அடித்தால் மணல் நேரே வால்வுக்குள் போகும்.

மாட்டிய பம்பு சத்தம் போடக் கூடாது. கடகடவென்று ஆடுகிற பம்பு தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது. பிராக்கெட்டின் பிடிக்குள் டியூப் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டினால் அடங்கும். பிளாஸ்டிக் பிடியை மட்டும் நம்பாமல் பட்டை ஒன்றும் போடுங்கள். வெயிலில் நிற்கும் சைக்கிளில் பிளாஸ்டிக் பிடி நாளடைவில் வாய் விரிந்துவிடும். முன் சக்கரத்தை ஒரு சாண் தூக்கிக் கீழே போட்டுப் பாருங்கள். நாலைந்து தடவை போட்டும் பம்பு அசையாவிட்டால் சரி. முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

வெளியில் மாட்டிய பம்பு வெயில், தூசு, மழை மூன்றையும் தின்கிறது. பழைய வகைப் பம்பின் உள்ளே கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். இழுக்கும்போது அதன் உதடு சுருங்கிக் காற்றை முன்னால் விடும், தள்ளும்போது விரிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். தோல் காய்ந்தால் விரியாது, பம்பு எவ்வளவு அடித்தாலும் காற்றுப் போகாது. கழற்றி இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, உதட்டை விரலால் விரித்துவிட்டால் உயிர் வரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், ஊட்டியில் காலையில் பம்பு கல்லாகிவிடும். புதிய பம்புகளில் ரப்பர் வளையம். அதற்கு சிலிகான் கிரீஸ்தான். வண்டி எண்ணெய் விட்டால் சில வகை ரப்பர் ஊதிக்கொள்ளும்.

சாதா சைக்கிளின் வால்வில் கோத்திருக்கும் வால் டியூப் என்னும் மெல்லிய ரப்பர் குழாயும் இதே சங்கிலியில் ஒரு கண்ணி. பல கைப்பம்புகளில் காற்றைத் திரும்ப விடாத அடைப்பு தனியாக இல்லை, அந்த வேலையை டியூப்பின் வால்வுதான் செய்கிறது. வால் டியூப் வெடித்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பிடி தானாகவே பின்னால் தள்ளப்படும். பம்பைக் குறை சொல்வதற்கு முன் வால் டியூப்பை மாற்றிப் பாருங்கள். கூடுதலாகத் துண்டு ஒன்றைப் பங்சர் பையில் வைத்துக்கொள்வதில் கனம் ஏதும் கூடாது. பிரெஸ்டா வாய் உள்ள பம்பு பெரும்பாலும் இந்தப் பழைய வால்விலும் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியாத வசதி.

நகரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகும்போது பம்பை உருவிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், பிராக்கெட்டை யாரும் திருட மாட்டார்கள். மாதம் ஒருமுறை அதைக் கையில் எடுத்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, பிடியை உள்ளே தள்ளிப் பாருங்கள். விரலைத் தூக்கிக்கொண்டு காற்று சீறினால் வாஷர் நன்றாக இருக்கிறது. பிடி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டால் அன்றைக்கே கழற்றி எண்ணெய் விட வேண்டும்.